120ஒய் பின் சஸ்பென்ஷன்: கிளம்பும்போது ஆக்சில் துள்ளுகிறது, வலது டயர் மட்டும் சுழல்கிறது

செந்தூல் 120ஒய்

எல்லாருக்கும் வணக்கம். என்னுடையது டாட்சன் 120ஒய், அப்பா ஓட்டிய வண்டி. இப்போது உள்ளே டொயோட்டாவின் 20 வால்வு 4ஏஜிஇ எஞ்சின், டி50 கியர்பாக்ஸ். எஞ்சின் மாற்றியதை வாகனச் சோதனை நிலையமான புஸ்பகோமில் காட்டி, சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயில் பதிந்து, வண்டியின் கிராண்டிலும் (பதிவுப் பத்திரம்) ஏற்றியாகிவிட்டது. அந்தக் கவலை இல்லை.

போன மாதம் முதல் முறையாகச் செப்பாங்கில் 402 மீட்டர் ஓட்டினேன். மூன்று ஓட்டம். முதல் 60 அடிக்கு எடுத்த நேரம் 2.42, 2.45, 2.51. இரண்டாவது கியருக்கு மேல் வண்டி அருமையாக இழுக்கிறது. பிரச்சினை எல்லாம் கிளம்பும் இடத்தில்தான். கிளச்சை விட்டதும் பின்னால் டகடகவென்று இரும்பால் அடிப்பது போலத் துள்ளுகிறது. தம்பி எடுத்த வீடியோவில் பார்த்தால் வலது பின் டயரில்தான் புகை. இடது டயர் சும்மா உருளுகிறது.

பின்னால் உள்ளவை: பழைய லீஃப் ஸ்பிரிங் (தகடு அடுக்கிய ஸ்பிரிங்), வண்டியைத் தாழ்த்த வைத்த இரண்டு அங்குல லோவரிங் பிளாக், புது கேஸ் அப்சோபர். ஒரு சக்கரம் மட்டும் சுழல்வதைக் கட்டுப்படுத்தும் எல்.எஸ்.டி. கிடையாது. 13 அங்குல செமி-ஸ்லிக் டயர், காற்று 28 பிஎஸ்ஐ. மூன்றாவது ஓட்டம் முடிந்து கீழே படுத்துப் பார்த்தபோது ஆக்சிலை ஸ்பிரிங்கோடு கட்டும் ஒரு யூ போல்ட்டின் நட்டு கையாலேயே திரும்பியது. பார்த்ததும் வயிறு கலங்கிவிட்டது.

ஒரு பட்டறையில் கேட்டேன். "ஸ்பிரிங்கை மென்மையாக்கு, பின்பக்கம் நன்றாக உட்காரட்டும், பிடி தானாக வரும்" என்றார்கள். ஒரு தகட்டை எடுத்துவிடலாமா? எடுக்கும் முன் உங்களிடம் கேட்கிறேன்.

கெப்போங் டர்போ

தாராளமாக எடுங்கள் அண்ணே. மூக்கு மேலே போக வேண்டும், பின்பக்கம் தரையோடு உட்கார வேண்டும். எடை பின்னால் வந்தால்தான் டயர் கடிக்கும். என் நண்பனின் டொயோட்டா கேஇ70யில் பின் ஸ்பிரிங்கை மென்மையானதாக மாற்றினோம், கிளம்பும்போது பார்க்கவே அவ்வளவு அழகு.

லாரி ஸ்பிரிங்

தம்பி செந்தூல், தகட்டில் கை வைக்காதீர்கள். முதலில் இதைப் படியுங்கள்.

நான் பத்துமலைப் பக்கம் முப்பது வருடமாக லாரிக்கும் வேனுக்கும் லீஃப் ஸ்பிரிங் கட்டுகிறவன். டிராக் வண்டிகள் என்னிடம் வந்தது குறைவுதான். ஆனால் நீங்கள் சொல்லும் துள்ளலை, மணல் ஏற்றிக்கொண்டு மேட்டில் கிளம்பும் லாரியில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். காரணம் ஒன்றேதான்.

சக்கரம் முன்னோக்கி உருளத் தொடங்கும்போது ஆக்சில் வீடு அதற்கு எதிர்ப்பக்கம் முறுக்கிக்கொள்ளப் பார்க்கும். புரொபெல்லர் ஷாஃப்ட் வந்து சேரும் பல்சக்கரமான பினியன் இருக்கும் மூக்குப் பக்கம் மேலே எழும்பும். அதைப் பிடித்து நிறுத்த உங்கள் வண்டியில் லீஃப் ஸ்பிரிங்கைத் தவிர வேறு எதுவும் இல்லை. வண்டியைத் தாங்குவதும் அதே தகடு, ஆக்சிலை இடத்தில் வைத்திருப்பதும் அதே தகடு, முறுக்கைத் தாங்குவதும் அதே தகடு. முறுக்கு அதிகமானால் ஸ்பிரிங்கின் முன்பாதி ஒரு பக்கமும் பின்பாதி எதிர்ப்பக்கமும் வளைந்து பாம்பு போல நெளியும். ஓர் எல்லைக்கு மேல் டயர் வழுக்கும். வழுக்கியதும் முறுக்கு விட்டுப்போய் தகடு சடாரென்று நிமிரும். டயர் மறுபடி தரையில் அறைந்து கடிக்கும், மறுபடி முறுக்கும். ஒரு விநாடிக்குள் இது பலமுறை நடக்கிறது. உங்கள் காதில் விழும் டகடக அதுதான்.

இந்த நிலையில் ஒரு தகட்டை எடுத்தால் என்ன ஆகும்? முறுக்கைத் தாங்க இருந்த பலமும் குறையும். பின்பக்கம் அழகாக உட்காரும், துள்ளல் இரண்டு மடங்காகும், ஒரு நாள் புரொபெல்லர் ஷாஃப்ட் யூ-ஜாயிண்ட் தெறிக்கும்.

அந்த லோவரிங் பிளாக்தான் எனக்குப் பெரிய கவலை. ஆக்சிலுக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவே இரண்டு அங்குல இரும்பை வைத்தால் ஆக்சில் ஸ்பிரிங்கைப் பிடித்து முறுக்க நீங்களே ஒரு நெம்புகோல் கொடுத்த மாதிரி. யூ போல்ட்டும் அதனால் நீளமாகிறது, நீண்டது சீக்கிரம் தளரும். உங்கள் நட்டு கையால் திரும்பியது தற்செயல் இல்லை.

செய்ய வேண்டியது: பிளாக்கை எடுங்கள். யூ போல்ட் நான்கும் புதிது போடுங்கள். தளர்ந்த பழையதை இறுக்கி மறுபடி ஓட்டவே கூடாது. ஸ்பிரிங்கின் முன் கண்ணில் (முன்நுனி வளையம்) உள்ள ரபர் புஷ்ஷையும், பின்நுனியை வண்டியோடு இணைக்கும் ஷேக்கிளின் புஷ்ஷையும் பாருங்கள். நடு போல்ட் வெட்டுப்பட்டிருக்கிறதா, தகட்டில் முடி போல விரிசல் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். இதையெல்லாம் முடித்த பிறகு டிராக்‌ஷன் பார் பற்றிப் பேசலாம்.

செந்தூல் 120ஒய்

ஐயா, நேற்று வேலை முடிந்து வந்து கழற்றிப் பார்த்தேன். இடது முன் கண் புஷ்ஷில் ரபரே இல்லை, தூளாகக் கொட்டியது. வலதில் பாதி இருக்கிறது. நடு போல்ட் நன்றாக இருக்கிறது, விரிசல் எதுவும் தெரியவில்லை. பிளாக்கை எடுத்துவிட்டேன். வண்டி பின்னால் உயர்ந்து கொஞ்சம் விகாரமாக நிற்கிறது, பரவாயில்லை.

ஆனால் ஒரு சந்தேகம். பின்பக்கம் உட்காராவிட்டால் எடை எப்படிப் பின்னால் வரும்? கெப்போங் தம்பி சொன்னது மனதில் நிற்கிறது.

பாயான் லெப்பாஸ்

இதற்கு நான் பதில் சொல்கிறேன். பினாங்கில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரப் பொறியாளராக இருக்கிறேன், வார இறுதியில் கணவரின் டொயோட்டா ஏஇ86-க்குக் கீழேதான் என் பொழுது போகிறது.

பின்னால் எவ்வளவு எடை வரும் என்பதைத் தீர்மானிப்பது நான்குதான்: வண்டியின் எடை, எவ்வளவு வேகமாக வேகம் எடுக்கிறது, ஈர்ப்பு மையம் தரையிலிருந்து எவ்வளவு உயரம், முன் பின் சக்கரங்களுக்கு நடுவே எவ்வளவு நீளம். முதல் மூன்றையும் பெருக்கி நான்காவதால் வகுத்தால் விடை வந்துவிடும். ஸ்பிரிங் மெதுவா கெட்டியா என்பது இந்தக் கணக்கில் வரவே வராது.

உங்கள் வண்டிக்கே போட்டுப் பார்க்கலாம். 60 அடி என்பது 18.29 மீட்டர். 2.42 விநாடியில் அதைக் கடந்தால் வேகம் எடுப்பது சராசரியாக 0.64 ஜி (ஈர்ப்பு முடுக்கத்தில் 0.64 பங்கு) என்று தோன்றும். ஆனால் முன்சக்கரம் ஒளிக்கற்றையை விட்டு வெளியேறி கடிகாரம் ஓடத் தொடங்கும் முன்பே வண்டி ஏறக்குறைய ஓர் அடி நகர்ந்திருக்கும். அதைக் கழித்தால் உண்மையில் சுமார் 0.5 ஜிதான். உங்களையும் சேர்த்து வண்டி 900 கிலோ, ஈர்ப்பு மையம் அரை மீட்டர் உயரம் என்று வைத்துக்கொள்கிறேன். 120ஒய்யின் முன் பின் சக்கரங்களுக்கு நடுவே 2.34 மீட்டர். 900 × 0.5 × 0.5 ÷ 2.34, ஆக 96 கிலோ பின்னால் போகிறது. பின்பக்கம் உட்கார்ந்தாலும் அதே 96, உட்காராவிட்டாலும் அதே 96. பிளாக்கை எடுத்ததால் ஈர்ப்பு மையம் இரண்டரை சென்டிமீட்டர் உயர்ந்திருந்தால் அதில் ஓர் ஐந்து கிலோ கூடும், அவ்வளவுதான்.

அப்படியானால் சஸ்பென்ஷன் எதற்கு? அந்த 96 கிலோ எந்த வழியாக, எவ்வளவு சீக்கிரம் டயருக்குப் போய்ச் சேர்கிறது என்பதற்கு. ஒரு வழி ஸ்பிரிங். வண்டி பின்னால் அமுங்க அமுங்கத்தான் அந்தச் சுமை டயரில் ஏறும், அதற்கு நேரம் பிடிக்கும். இன்னொரு வழி, ஆக்சிலை முன்னோக்கித் தள்ளும் கம்பிகளும் லீஃப் ஸ்பிரிங்கின் முன் கண்ணும். ஆக்சில் வண்டியைத் தள்ளும்போது அந்தத் தள்ளலில் ஒரு பங்கு மேல்நோக்கி வண்டியைத் தூக்குகிறது. தூக்குகிற அதே விசை டயரைக் கீழே அழுத்துகிறது, அதுவும் கிளச் விட்ட கணத்திலேயே. ஆண்டி-ஸ்குவாட் என்று சொல்வது இதைத்தான்.

பக்கவாட்டில் வண்டியை வரைந்து பாருங்கள். பின் டயர் தரையைத் தொடும் புள்ளியிலிருந்து ஒரு கோடு இழுத்து, முன் ஆக்சிலுக்கு நேர் மேலே ஈர்ப்பு மைய உயரத்தில் முடியுங்கள். பின் கம்பிகளின் தள்ளுவிசை ஒன்றுசேரும் புள்ளி சரியாக இந்தக் கோட்டிலேயே இருந்தால் ஆண்டி-ஸ்குவாட் நூறு சதவீதம், வண்டி அமுங்கவும் செய்யாது எழவும் செய்யாது. கோட்டுக்குக் கீழே இருந்தால் அமுங்கும். மேலே இருந்தால் பின்பக்கம் எழும்பும். எழும்புகிற வண்டியைப் பார்ப்பவர்கள் பிடி இல்லை என்று நினைப்பார்கள். உண்மையில் அந்த நொடியில் டயர்தான் எல்லாவற்றையும் விடக் கடுமையாகத் தரையில் அழுந்துகிறது.

கெப்போங் டர்போ

அக்கா, கணக்கு சரி. ஆனால் அமெரிக்க வீடியோக்களில் பெரிய வண்டிகள் பின்னால் உட்கார்ந்துதானே பறக்கின்றன?

பாயான் லெப்பாஸ்

நல்ல கேள்வி தம்பி. அந்த வீடியோக்களை மெதுவாக ஓட்டி, பின் ஃபெண்டர் விளிம்புக்கும் டயரின் மேல் பக்கத்துக்கும் உள்ள இடைவெளியை மட்டும் பாருங்கள். ஸ்லிக் டயரின் பக்கச்சுவர் நசுங்கி வண்டி மொத்தமாகத் தாழ்வதும் உண்டு, மூக்கு உயர்வதால் வால் தாழ்வது போலக் கண்ணுக்குத் தோன்றுவதும் உண்டு. ஆக்சிலை நான்கு கம்பிகளால் பிடிக்கும் ஃபோர்-லிங்க் போட்டு நன்றாகச் சரிசெய்த பல வண்டிகளில் அந்த இடைவெளி கிளம்பும்போது கூடும்.

அமுங்குவது தவறு என்று நான் சொல்லவில்லை. மெல்ல அமுங்கி, அங்கேயே நின்று, சக்கரம் துள்ளாமல் போகும் வண்டிகளும் நல்ல நேரம் ஓட்டுகின்றன. அமுங்குவதைப் பிடி என்று எடுத்துக்கொண்டு ஸ்பிரிங்கை வெட்டுவதும் தகட்டை எடுப்பதும்தான் தவறு.

கெப்போங் டர்போ

சரி அக்கா, நண்பனின் வீடியோவை மறுபடி பார்த்தேன். அழகாக உட்காருகிறது, ஆனால் டயர் பத்து மீட்டர் சுழன்றுகொண்டே போகிறது. இதை அவனிடம் சொல்ல வேண்டும்.

செந்தூல் 120ஒய்

அப்புறம் வலது டயர் மட்டும் ஏன் சுழல்கிறது? எல்.எஸ்.டி. வாங்கினால் தீருமா? நல்லது ஒன்று கிடைக்க 2,000 வெள்ளிக்கு மேல் கேட்கிறார்கள்.

பாயான் லெப்பாஸ்

எல்.எஸ்.டி. உதவும், ஆனால் மூல காரணம் வேறு. புரொபெல்லர் ஷாஃப்ட் பின்னாலிருந்து பார்த்தால் இடஞ்சுழியாகச் சுற்றுகிறது. அது பினியனைச் சுழற்றும்போது முழு ஆக்சிலையும் அதே திசையில் சாய்க்கப் பார்க்கிறது. இடது டயர் தரையில் அழுந்தும், வலது டயர் லேசாகும். உங்கள் எஞ்சினில் சுமார் 160 நியூட்டன் மீட்டர், டி50யின் முதல் கியர் 3.587. ஷாஃப்ட்டில் 574 நியூட்டன் மீட்டர் ஆகிறது. பின்சக்கரங்களின் இடைவெளி ஏறக்குறைய 1.25 மீட்டர் என்றால் வலதிலிருந்து சுமார் 47 கிலோ குறைந்து இடதில் 47 கிலோ ஏறுகிறது. கிளச்சைச் சட்டென்று விட்டால் ஃபிளைவீலில் சேர்ந்திருக்கும் சக்தியும் வந்து இன்னும் கூடும்.

இதற்கு எதிர்விசையாக வண்டியின் உடம்பு வலப்பக்கம் சாய்கிறது. அந்தச் சாய்வைப் பின் ஸ்பிரிங் தாங்கும் அளவுக்கு, போன எடையில் ஒரு பகுதி வலது டயருக்குத் திரும்பி வரும். முன்பக்கம் தாங்கும் பகுதி திரும்பாது. அதனால்தான் டிராக் வண்டிகளில் பின்னால் சாய்வைத் தடுக்கும் கெட்டியான ஆண்டி-ரோல் பார் போட்டு, முன்னால் இருப்பதைக் கழற்றிவிடுகிறார்கள். வலது பின் ஸ்பிரிங்கில் காற்றுப் பை வைத்து முன்கூட்டியே கொஞ்சம் சுமை ஏற்றுவதும் இதே காரணத்துக்குத்தான்.

எஸ்13 ரவாங்

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். எனக்கு நிசான் சில்வியா எஸ்13, எஸ்ஆர்20 எஞ்சின். எனக்கும் துள்ளல் உண்டு. ஆனால் என் வண்டியில் லீஃபும் இல்லை, ஒற்றை ஆக்சிலும் இல்லையே?

பாயான் லெப்பாஸ்

உங்கள் வண்டியில் டிஃப் (சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரப் பெட்டி) சப்ஃபிரேம் என்ற துணைச் சட்டத்தில் உட்கார்ந்திருக்கிறது, சப்ஃபிரேம் உடம்போடு சேர்ந்தது. அதனால் வலது இடது எடை மாறும் தொல்லை உங்களுக்கு இல்லை. உங்கள் துள்ளல் சப்ஃபிரேம் புஷ்ஷிலும் டிஃப் புஷ்ஷிலும் இருந்து வர வாய்ப்பு அதிகம். ரபர் முறுக்கி விடுவதும், அரைத்தண்டுகள் முறுக்கி விடுவதும் ஒரே தாளத்தில் சேர்ந்துகொண்டால் சக்கரம் துள்ளும். 2009 கேடிலாக் சிடிஎஸ்-வியில் இந்தத் தாளத்தை உடைக்கவே இடது வலது அரைத்தண்டுகளை வேறு வேறு பருமனில் போட்டார்கள். நீங்கள் சப்ஃபிரேமுக்குக் கெட்டியான காலர் போட்டுப் பாருங்கள். சப்ஃபிரேமை முன்பின்னாகச் சற்றுச் சாய்த்து ஆண்டி-ஸ்குவாட்டை மாற்றும் காலர்களும் கிடைக்கின்றன.

இன்னொன்று, வண்டியை ரொம்பத் தாழ்த்தியிருந்தால் பின்னால் அமுங்கும்போது கேம்பர், அதாவது சக்கரத்தின் சாய்வு, உள்பக்கம் கூடி டயரின் உள்விளிம்பு மட்டும் தரையைத் தொடும். ஓட்டம் முடிந்ததும் டயரைத் தொட்டுப் பாருங்கள், உள்விளிம்பு மட்டும் சூடாக இருந்தால் அதுதான்.

எஸ்13 ரவாங்

கேம்பர் நெகடிவ் மூன்று பாகை வைத்திருக்கிறேன் அக்கா, பார்வைக்கு நன்றாக இருக்கும் என்று. இப்போதே அலைன்மெண்ட்டுக்குக் கிளம்புகிறேன்.

சத்ரியா பூச்சோங்

முன்சக்கர இழுவை வண்டிக்காரர்களையும் கொஞ்சம் கவனியுங்கள். நம் நாட்டில் பாதிப் பேர் புரோட்டோனும் பெரோடுவாவும்தானே ஓட்டுகிறோம். எனக்கு புரோட்டோன் சத்ரியா ஜிடிஐ. நான் பின் சஸ்பென்ஷனைத் தொட வேண்டுமா?

லாரி ஸ்பிரிங்

தொட வேண்டும் தம்பி, ஆனால் தலைகீழாக. அந்தத் தங்கச்சி சொன்ன எடை உங்கள் வண்டியில் இழுக்கிற சக்கரத்தை விட்டு ஓடுகிறது. அதைத் தடுக்க முடியாது, ஆனால் மூக்கு எழும்பி முன்சக்கரத்தின் கோணமெல்லாம் குலைவதைத் தடுக்கலாம். பின் ஸ்பிரிங்கைக் கெட்டியாக்குங்கள், பின் அப்சோபர் அமுங்குவதைக் கடினமாக்குங்கள், முன் அப்சோபர் நீளுவதைக் கடினமாக்குங்கள். சில முன்னிழுவை டிராக் வண்டிகளில் பின்னால் குட்டிச் சக்கரம் வைத்த கம்பி நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதுவும் பின்பக்கம் உட்காராமல் தடுக்கத்தான். ஆனால் பின்னால் ரொம்பக் கெட்டியாக வைத்துக்கொண்டு மழையில் கேஎல் சாலைகளில் ஓட்டாதீர்கள், வளைவில் பின்பக்கம் சறுக்கும்.

பழைய ஆர்எக்ஸ்இசட்

மோட்டார் பையன்களும் இதைப் படிக்கிறார்கள் என்று தெரியும். பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மை நீட்டினால் முன்சக்கரம் தூக்குவது குறையும், நேராகப் போகும். அது உண்மை. ஆனால் அந்த வண்டி வளையாது, பிரேக் பிடிக்கும் விதமும் மாறிவிடும். எங்கள் குடியிருப்புப் பையன் ஒருவன் நீட்டிய ஸ்விங் ஆர்மோடு நெடுஞ்சாலையில் இரவு ஒரு மணிக்கு ஓட்டி உயிரை விட்டான். பத்தொன்பது வயது. அவன் அம்மா இன்னும் அந்த ஹெல்மெட்டை வாசலில் வைத்திருக்கிறார். சாலையில் பந்தயம் 1987 சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி குற்றம் என்பது ஒருபுறம் இருக்கட்டும். செப்பாங்கில் எதிரே லாரி வராது. இங்கே எழுதுவதையெல்லாம் அங்கே கொண்டுபோய் முயன்று பாருங்கள் தம்பிகளா, தயவுசெய்து.

லாரி ஸ்பிரிங்

பெரியவர் சொன்னதை நானும் வழிமொழிகிறேன்.

தம்பி செந்தூல், பிளாக்கும் புஷ்ஷும் முடிந்தது என்றால் இப்போது டிராக்‌ஷன் பார். ஸ்லாப்பர் வகையே உங்களுக்குப் போதும். சதுரக் குழாயில் செய்து ஆக்சில் பேடுக்குக் கீழே யூ போல்ட்டோடு சேர்த்துக் கட்டுவது. அதன் முன்நுனியில் ஒரு ரபர் குமிழ். ஆக்சில் முறுக்கத் தொடங்கியதும் அந்தக் குமிழ் மேலே போய் முட்டி முறுக்கை நிறுத்தும்.

எங்கே முட்டுகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஸ்பிரிங்கின் முன் கண்ணுக்கு நேர் கீழே முட்ட வேண்டும். கடையில் விற்கும் பார்கள் பல நீளம் குறைவு, தகட்டின் நடுவில் போய் முட்டும். அப்படி முட்டினால் தகட்டை வளைத்துக் கெடுக்கும், வண்டியைத் தூக்காது. கண்ணுக்குக் கீழே சரியாக முட்டினால் வண்டியை அந்த இடத்தில் மேலே தூக்கும், டயரைக் கீழே அழுத்தும். தங்கச்சி சொன்ன கோடு விவகாரம்தான் இது.

இடைவெளி: இடது பக்கம் 20 மில்லிமீட்டர், வலது பக்கம் 10 வைத்துத் தொடங்குங்கள். வலது முதலில் முட்டினால் அந்தப் பக்கம் சுமை முதலில் ஏறும். 2,000 வெள்ளி எல்.எஸ்.டி. பிறகு பார்க்கலாம்.

முடிந்தால் அப்சோபரையும் ஒன்றை ஆக்சிலுக்கு முன்னாலும் ஒன்றைப் பின்னாலும் சாய்த்துக் கட்டலாம். கமாரோவின் 1967 மாடலில் துள்ளல் தாங்காமல் 1968இல் இப்படித்தான் மாற்றினார்கள். உங்கள் வண்டியில் இடம் இருக்கிறதா என்று பார்த்தால்தான் தெரியும், அவசரம் இல்லை.

ஒரே வேண்டுகோள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், எழுதி வையுங்கள்.

செந்தூல் 120ஒய்

இரண்டு மாதம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். இடையில் இரண்டு முறை செப்பாங் போய் வந்தேன். நோட்டில் உள்ளதை அப்படியே தருகிறேன்.

முதல் நாள் புது புஷ், புது யூ போல்ட், பிளாக் இல்லை, பார் இல்லை. டயர் காற்று அதே 28. நேரம் 2.36. துள்ளல் குறைந்தது, ஆனால் இருந்தது. வலது டயர் இன்னும் சுழன்றது.

இரண்டாம் நாள் டிராக்‌ஷன் பாரோடு போனேன். தெரிந்த வெல்டர் ஒருவர் 380 வெள்ளிக்குச் செய்து கொடுத்தார். குமிழ் முன் கண்ணுக்குச் சரியாக நேராக வரும்படி அட்டையில் வெட்டிக் கொடுத்துத்தான் செய்யச் சொன்னேன். முதல் ஓட்டத்தில் இரண்டு பக்கமும் 20 மில்லிமீட்டர்: 2.28. துள்ளலே இல்லை ஐயா. கிளச்சை விட்டதும் "டப்" என்று ஒரே ஒரு சத்தம், அப்புறம் வண்டி போகிறது. எத்தனை மாதமாக அந்த டகடகவைக் கேட்டு கை கூசியிருக்கிறது. ஹெல்மெட்டுக்குள் கத்திவிட்டேன்.

வலதை 10க்குக் குறைத்ததும் 2.25. வீடியோவில் புகை இப்போது இரண்டு டயரிலும் லேசாக. பிறகு டயர் காற்றை 22க்கு இறக்கினேன், 2.22. 20க்கு இறக்கியபோது 2.24 ஆகி, மூன்றாவது கியரில் பின்பக்கம் நெளிந்தது. மறுபடி 22க்கே ஏற்றிவிட்டேன்.

402 மீட்டருக்கு முதலில் 14.92, இப்போது 14.63. எஞ்சினில் ஒரு திருகைக்கூடத் தொடவில்லை.

பாயான் லெப்பாஸ்

மனசு நிறைந்துவிட்டது. ஒன்று கவனித்தீர்களா, முதல் 60 அடியில் 0.20 குறைந்தது, முடிவில் 0.29 குறைந்திருக்கிறது. தொடக்கத்தில் கிடைக்கும் வேகத்தைக் கடைசி வரை தூக்கிக்கொண்டு போவதால் இப்படிப் பெருகும். கணக்குப்படி நீங்கள் இப்போது சுமார் 0.58 ஜியில் கிளம்புகிறீர்கள்.

கெப்போங் டர்போ

வாழ்த்துகள் அண்ணே! இனிப் பின் அப்சோபரை முழுசாக மென்மையாக்குங்கள், இன்னும் குறையும்.

லாரி ஸ்பிரிங்

இதில் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன் தம்பி. பார் முட்டும்போது வண்டி பின்னால் எழும்புகிறது, அப்சோபர் நீளுகிறது. நீளுவதில் தடையே இல்லாவிட்டால் டயர் ஒரு அடி அடிபட்டு, அடுத்த கணம் வண்டி எழும்பி முடித்ததும் சுமை விட்டுப்போகும். பத்து மீட்டர் தாண்டி டயர் மறுபடி சுழலும். நீளும்போது கொஞ்சம் பிடித்து நிறுத்தும் அப்சோபர்தான் வேண்டும்.

கெப்போங் டர்போ

எல்லா வண்டிக்கும் அப்படி இல்லை ஐயா. சக்தி குறைந்த வண்டிக்கு அந்த முதல் அடி பலமாகவே விழட்டும் என்று பலர் மென்மையாகத்தான் வைக்கிறார்கள்.

லாரி ஸ்பிரிங்

இருக்கலாம். செந்தூல் தம்பி இரண்டையும் ஓட்டிப் பார்த்து நேரத்தை எழுதட்டும், அதை வைத்துப் பேசுவோம். அதற்கு முன் பினியன் கோணத்தைப் பார்க்க வேண்டும். பிளாக் எடுத்து ஸ்பிரிங் நிலை மாறியிருக்கும். கிளம்பும்போது பினியன் மூக்கு எழும்பி ஷாஃப்ட்டோடு நேராக வர, நிற்கும்போது அந்த மூக்கு சற்றுக் கீழே பார்த்திருக்க வேண்டும். வெறும் லீஃப் ஸ்பிரிங்கில் ஐந்து ஆறு பாகை வரை விடுவார்கள். உங்களுக்குப் பார் இருப்பதால் அவ்வளவு தேவைப்படாது. ஆப்பு வடிவத் தகடு என்னிடம் ஒரு பாகையிலிருந்து இருக்கிறது.

செந்தூல் 120ஒய்

கோணம் அளக்கும் கருவி என்னிடம் இல்லை ஐயா. சனிக்கிழமை மதியம் வேலை முடிந்ததும் பத்துமலைக்கு வண்டியைக் கொண்டுவரலாமா? அந்தப் பழைய புஷ்களையும் எடுத்து வருகிறேன், கெப்போங் தம்பி நேரில் பார்க்க வேண்டும் என்றார்.

லாரி ஸ்பிரிங்

வாருங்கள். இரண்டு மணிக்கு மேல் லாரி எதுவும் இல்லை, குழி காலியாக இருக்கும். பெட்ரோல் அரை டேங்க் வைத்து, நீங்கள் செப்பாங்கில் ஓட்டும்போது எப்படி இருக்குமோ அப்படியே கொண்டுவாருங்கள். சீட்டில் நீங்கள் உட்கார்ந்திருக்கும்போதுதான் அளக்க வேண்டும்.